கடவுளிடம் கடன் வாங்கியதா தர்க்கம்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஒன்று உங்கள் நண்பர் வைக்கும் வாதம். தர்க்க விதிகளைக் கையால் தொட முடியாது. அவை எங்கும் எப்போதும் மாறாமல் செல்லும். வெறும் சடப்பொருளால் ஆன உலகில் அப்படிப்பட்டவை இருக்க வழியில்லை. ஆகவே கடவுளை மறுப்பவர் வாதாட வாய் திறக்கும்போதே கடவுளிடம் கடன் வாங்கிவிடுகிறார் என்கிறார் அவர். இன்னொன்று அதைக் கேட்டு உங்களுக்கு வந்த சந்தேகம். தர்க்கத்தைத் தர்க்கத்தால் நிரூபித்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம், வேறெதனாலும் நிரூபிக்கவும் முடியாது, அப்படியானால் தர்க்கத்தை நம்புவதும் கடவுளை நம்புவதும் ஒரே வகை நம்பிக்கைதானே என்கிறீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். இருந்தும் உங்கள் நண்பரின் வாதம் அவர் நினைக்கும் அளவுக்குப் பாரம் தாங்காது என்பதுதான் என் முடிவு. நம்பிக்கைக்கு இப்படி ஒரு முட்டுக் கொடுத்து நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. முட்டு நழுவும் நாளில் வீடே விழுந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கொர்னேலியஸ் வான் டில் என்ற கிறித்தவ இறையியலாளர் இதை வளர்த்தார். அவர் வழியில் வந்த கிரெக் பான்சன் 1985-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நாத்திகரான கார்டன் ஸ்டைனுடன் நடத்திய விவாதத்தில் இதையே முன்னால் வைத்தார். தர்க்க விதிகள் சடப்பொருளா என்று கேள்வி வந்தது. இல்லை என்று ஸ்டைன் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அவை என்ன? மனிதர்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட மரபுகள் என்ற பக்கம் அவர் போனார். அங்கேதான் பிடி விட்டுப்போனது என்று நினைக்கிறேன். மரபு என்றால் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? சாலையில் இடப்பக்கம் போவது மரபு. நாளைக்கே எல்லாரும் வலப்பக்கம் போவதாக முடிவெடுத்தால் வலப்பக்கம் போகலாம். 'ஒன்றும் அதன் மறுப்பும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது' என்பதை அப்படி வாக்கெடுத்து மாற்ற முடியுமா?

மாற்றிப் பார்ப்போம். 'மழை பெய்கிறது', 'மழை பெய்யவில்லை' இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது என்பது உண்மை என்பதால், 'மழை பெய்கிறது, அல்லது கடல் வற்றிவிட்டது' என்ற கூற்றும் உண்மை. இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலே 'அல்லது' போட்ட வாக்கியம் சரிதான். இப்போது மழை பெய்யவில்லை என்பதும் உண்மை என்கிறோம். அப்படியானால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி அடிபட்டுவிடுகிறது. மிஞ்சுவது என்ன? கடல் வற்றிவிட்டது. கடலுக்குப் பதிலாக நீங்கள் எதைப் போட்டாலும் அதுவும் இதே வழியில் நிரூபணம் ஆகிவிடும், அதன் மறுப்பும் ஆகிவிடும். ஒரே ஒரு முரணை உள்ளே விட்டால் பேச்சு மொத்தமும் எதையும் சொல்லாத பேச்சாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

மரபு என்ற பதிலுக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. அதை அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1936-லேயே காட்டினார். எண்ணற்ற கூற்றுகளுக்கும் சேர்த்து நாம் சில பொது மரபுகளைத்தான் வகுக்க முடியும். அந்தப் பொது மரபிலிருந்து 'இந்தக் கூற்றுக்கு இது பொருந்தும்' என்று இறங்கிவர மறுபடியும் தர்க்கம் வேண்டும். மரபிலிருந்து தர்க்கத்தை எடுக்கப் போனவர் தர்க்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அதனால் தர்க்கம் நாம் செய்துவைத்த ஏற்பாடு என்ற சுலபமான பதிலை மறுப்பதில் உங்கள் நண்பர் சரி. அங்கிருந்து கடவுளுக்குத் தாவும் இடத்தில்தான் வழுக்குகிறது.

அந்தத் தாவலைப் பார்க்கும் முன்னால் உங்கள் சந்தேகத்தை எடுத்துக்கொள்கிறேன். நிரூபிக்க முடியாதது எல்லாம் ஒரே வகை நம்பிக்கையா?

அரிஸ்டாட்டில் இதை நேராகவே எதிர்கொண்டார். முரணின்மை விதிக்கு, அதாவது ஒன்றும் அதன் மறுப்பும் ஒருசேர உண்மையாகாது என்பதற்கு, நிரூபணம் கேட்பவர், எதற்கு நிரூபணம் கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது என்று அறியாதவர் என்றார். எல்லாவற்றுக்கும் நிரூபணம் வேண்டும் என்றால் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எதுவுமே நிரூபணம் ஆகாது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. விதியை மறுப்பவர் பொருளுள்ள ஒரே ஒரு சொல்லைச் சொல்லட்டும், போதும் என்றார். 'மனிதன்' என்று அவர் சொன்னால் மனிதனைக் குறித்துச் சொல்கிறார், மனிதன் அல்லாததைக் குறித்துச் சொல்லவில்லை. அப்போதே அவர் விதியை ஏற்றுவிட்டார். ஒன்றுமே சொல்ல மாட்டேன் என்று இருந்துவிட்டால் அவரோடு வாதம் கிடையாது, அவர் ஒரு செடியைப் போன்றவர் என்று கடுமையாகவே சொல்கிறார்.

இந்திய மரபிலும் இதே முடிச்சு வந்தது. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்று அனுமானிக்கிறோம். எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் புகையோடு நெருப்பு இருந்ததை யார் பார்த்தார்கள் என்று பொருள்முதல்வாதிகளான சார்வாகர் கேட்டனர். நியாயம் என்ற தர்க்கப் பள்ளியைச் சேர்ந்த உதயணர் சொன்ன பதில், ஐயத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லை முரண் என்பது. பிறகு வந்த கங்கேசர் அதை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். புகை வேண்டும் என்றால் நெருப்பைத் தேடுகிறாய், பசி தீர உணவை நாடுகிறாய், உன் கருத்தை எனக்குப் புரியவைக்கச் சொற்களைப் பயன்படுத்துகிறாய்; காரணத்துக்கும் காரியத்துக்கும் தொடர்பே இல்லை என்ற உன் ஐயத்தை உன் செயலே மறுக்கிறது. உதயணரின் பதிலை ஏற்காதவர்களும் இருந்தார்கள். முரணைக் காட்டி ஐயத்தை நிறுத்துகிறீர்களே, முரண் என்று ஒன்று இருக்க ஐயமும் இருந்தாக வேண்டுமே என்று கங்கேசருக்கு முன்பே ஸ்ரீஹர்ஷர் திருப்பிக் கேட்டிருந்தார். அவருக்கு முன்னால் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனரோ அளவைகளை (அறியும் வழிகளை) எந்த அளவையால் அளந்தீர்கள் என்று கேட்டார். உங்கள் சந்தேகம் ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழமை உடையது என்று அதனால்தான் சொல்கிறேன். அதைக் கேட்டதற்காகத் தயங்க வேண்டியதே இல்லை.

என் பதில் இது. கடவுள் நம்பிக்கையை ஒருவர் வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம், இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகள் நிற்கலாம். நானே நின்றிருக்கிறேன். அந்த மூன்று நிலையிலும் பேசினேன், யோசித்தேன், தவறைத் திருத்திக்கொண்டேன். முரணின்மை விதியை அப்படி ஒரு வாரம் தள்ளிவைத்துப் பார்க்க முடியாது. தள்ளிவைக்கிறேன் என்று சொல்வதற்கே, 'தள்ளிவைத்திருக்கிறேன், தள்ளிவைக்காமல் இல்லை' என்று பொருள்படப் பேசியாக வேண்டும். இரண்டையும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் அழைக்கலாம். ஆனால் ஒன்று நாம் நடந்து போய்ச் சேரும் ஊர், மற்றது நடப்பதற்கான கால். 'இரண்டையுமே நிரூபிக்காமல்தானே ஏற்கிறாய்' என்று சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம்பிக்கையாளருக்கும் நல்லதல்ல. அந்தத் தட்டில் பேய், ராசிபலன், பூமி தட்டை என்ற எண்ணம் எல்லாமே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இப்போது தாவலுக்கு வருவோம். நிரூபணம் இல்லாமல் நிற்கும் தர்க்கத்துக்குக் கடவுள் உத்தரவாதம் தருகிறார் என்கிறார் நண்பர். இந்த இடத்தைப் புரிந்துகொள்ள ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கேரல் 1895-ல் எழுதிய ஒரு சிறு உரையாடல் போதும். கிரேக்கக் கதைகளின் வீரன் அக்கிலீசும் ஓர் ஆமையும் பேசுகிறார்கள். அக்கிலீஸ் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறான். முதல் வரி: ஒரே பொருளுக்குச் சமமானவை தமக்குள்ளும் சமம். இரண்டாம் வரி: இந்த முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் ஒரே பொருளுக்குச் சமம். ஆகவே அந்த இரண்டு பக்கங்களும் சமம் என்கிறான். ஆமை சொல்கிறது, முதல் இரண்டு வரியையும் ஏற்கிறேன், ஆனால் 'ஆகவே' என்று நீ சொல்வதை ஏன் ஏற்க வேண்டும்? அப்படியானால் இதையும் ஏற்றுக்கொள் என்று அக்கிலீஸ் மூன்றாவதாக ஒரு வரி எழுதுகிறான்: முதல் இரண்டும் உண்மையானால் முடிவும் உண்மை. சரி, அதையும் ஏற்கிறேன், எழுதிக்கொள் என்கிறது ஆமை. இப்போதாவது முடிவை ஏற்பாயா? இந்த மூன்று வரியிலிருந்து முடிவு வரும் என்று ஏன் ஏற்க வேண்டும்? இன்னொரு வரி. அப்புறம் இன்னொரு வரி. குறிப்பேடு நிரம்புகிறது, ஆமை நகரவே இல்லை.

விதி என்பது குறிப்பேட்டில் சேரும் இன்னொரு வரி கிடையாது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு நகர்கிறோமே, அந்த நகர்வுதான் விதி. இப்போது அந்தக் குறிப்பேட்டில் உங்கள் நண்பர் தன் வரியை எழுதட்டும்: 'இந்த விதிகளுக்குக் கடவுள் உத்தரவாதம் தருகிறார்.' ஆமை மகிழ்ச்சியோடு அதையும் ஏற்கும். 'கடவுள் உத்தரவாதம் தந்தால் விதிகளை நம்பலாம்' என்று அடுத்த வரி எழுதினாலும் ஏற்கும். ஆகவே விதிகளை நம்பு என்றால், 'ஆகவே' என்று ஏன் சொல்கிறாய் என்று அதே கேள்வியைக் கேட்கும். நகர மறுப்பவரை எந்த வரியும் நகர்த்தாது, கடவுளின் பெயர் எழுதிய வரியும் நகர்த்தாது. நகரத் தெரிந்தவருக்கு அந்த வரி தேவைப்படவும் இல்லை. தர்க்கத்துக்கு நியாயம் கற்பிப்பதுதான் சிக்கல் என்றால், அது ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் ஒரே சிக்கல்தான். கடவுளை நம்புவதால் அது தீர்வதில்லை. கடன் என்று சொல்ல வேண்டுமானால் இருவரும் வாங்கியிருக்கிறார்கள், யாரிடம் வாங்கினோம் என்று இருவருக்குமே சீட்டு இல்லை.

இதற்கு நண்பர் ஒரு நல்ல பதில் சொல்லக்கூடும். 'நான் நிரூபணத்தைப் பற்றிப் பேசவில்லை. தர்க்க உண்மைகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று கேட்கிறேன்' என்பார். இது கனமான கேள்வி. ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிஸ் இந்தப் பக்கம்தான் நின்றார். நிலையான உண்மைகள் எண்ணங்களைப் போன்றவை, எண்ணங்கள் ஒரு மனத்தில்தான் இருக்க முடியும், எப்போதும் உண்மையானவை எப்போதும் இருக்கும் மனத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் போக்கு. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். என் மனம் சாய்வதும் இந்தப் பக்கம்தான். ஆனால் உடனே ஒரு கேள்வி வரும். கடவுள் நினைத்திருந்தால் முரண்கள் உண்மையாகும்படி செய்திருக்க முடியுமா?

முடியும் என்று சொன்னவர் பிரெஞ்சு மெய்யியலாளர் தேக்கார்த். கணித உண்மைகளைக்கூட, ஓர் அரசன் தன் நாட்டில் சட்டம் போடுவது போல, கடவுள்தான் நிறுவினார் என்று 1630-ல் கடிதங்களில் எழுதினார். அப்படியானால் அந்தச் சட்டம் போடப்படாத நிலையில் கடவுள் இருக்கிறார் என்பதும் இல்லை என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். மழையும் கடலும் நினைவிருக்கிறதா? அந்த நிலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பொருளோடு சொல்ல முடியாது, 'கடவுள் சட்டம் போட்டார்' என்பது உட்பட. மாறாக, 'முடியாது, முரணின்மை கடவுளின் இயல்பு, அவர் தேர்ந்தெடுத்தது அல்ல' என்றும் பதில் சொல்லலாம். லைப்னிஸ் சொன்னது அதுதான், இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் அக்குவினாசும் இதற்கு நெருங்கியவர்தான். முரணானது செய்யப்படக்கூடிய பொருளே அல்ல, அதைக் கடவுள் செய்ய முடியாது என்பதைவிட அது செய்யப்பட முடியாதது என்பதே சரி என்றார் அக்குவினாஸ். இது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கவனியுங்கள், 'கடவுளின் இயல்பு இது, இதுவல்லாதது அன்று' என்று சொல்லும்போதே முரணின்மை விதி உள்ளே இருக்கிறது. கடவுளைப் பற்றிய எந்தக் கூற்றும் அந்த விதிக்கு உள்ளே நின்றுதான் பொருள் பெறுகிறது. ஆகவே விதிகளின் இருப்புக்குக் கடவுளின் மனம் ஒரு விளக்கம் என்று சொல்லலாம். ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகே மாதிரி, எண்ணங்கள் எந்த மனத்தையும் சாராமல் தமக்கென ஓர் இருப்பு உடையவை என்பதும் ஒரு விளக்கம். அவற்றைப் பொருள் என்றே எண்ண வேண்டாம், நாம் எதையாவது சொல்வதற்கான நிபந்தனைகள் மட்டுமே என்பது இன்னொன்று. இவற்றில் எது மேல் என்று நிறுத்துப் பார்க்கலாம். கடவுளை ஏற்காதவன் வாதாடவே தகுதியற்றவன் என்று முடிக்க இதில் இடமே இல்லை.

'மாறாத விதிகள்' என்று நண்பர் பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். எந்த விதிகள்? 'ஒரு கூற்று உண்மை, இல்லையேல் அதன் மறுப்பு உண்மை, மூன்றாவது வழி கிடையாது' என்ற விதியை முடிவிலியைக் கையாளும் இடங்களில் ஏற்க மாட்டேன் என்று டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர் நின்றார். அதை வைத்து முழுமையான ஒரு கணிதமே வளர்ந்தது. சில முரண்கள் உண்மையாகவே இருக்கலாம் என்று வாதிடும் மெய்யியலாளர் கிரகாம் பிரீஸ்ட், முரணிலிருந்து எல்லாமும் வந்துவிடாதபடி விதிகளை மாற்றி அமைத்தார். நான் மேலே காட்டிய மழை நிரூபணத்தின் கடைசிப் படியை அவர் ஏற்க மாட்டார். எனக்கு அவர் வழி உடன்பாடில்லை. இருந்தாலும் இந்தப் பட்டியலே இன்னும் விவாதத்தில் இருக்கும்போது, 'பட்டியல் இதுதான், தந்தவர் இவர்தான்' என்று சொல்வது அவசரம்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு, தர்க்கத்தை மட்டும் வைத்துக் கடவுளை நிரூபிக்கப் பார்த்தவர்கள். பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் தொடங்கிவைத்தார். எதைவிடப் பெரியதை நினைக்க முடியாதோ அது கடவுள். அது எண்ணத்தில் மட்டும் இருந்தால் உண்மையிலும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடும். ஆகவே அது உண்மையிலும் இருக்கிறது. அப்படியானால் எதைவிடச் சிறந்த தீவை நினைக்க முடியாதோ அந்தத் தீவும் இருந்தாக வேண்டுமே என்று காவ்னிலோ என்ற துறவி அப்போதே கேட்டார். அவரும் நம்பிக்கையாளர்தான். இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தர்க்கவியலாளர் குர்ட் கோடலின் நிரூபணம். போதிய வலுவுள்ள எந்தக் கணித முறைமையிலும் அதற்குள் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும் என்று 1931-ல் காட்டிய அதே கோடல்தான். (இதைப் பிடித்துக்கொண்டு 'ஆகவே கடவுள்' என்பவர்கள் உண்டு. அந்தத் தேற்றம் எண்கணிதத்தைத் தாங்கும் அளவுக்கு வலுவான, முரணற்ற, விதிப்படி இயங்கும் முறைமைகளைப் பற்றியது, அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.) கடவுள் இருப்பதற்கு அவர் எழுதிவைத்த நிரூபணக் குறிப்பு 1970-ல் டானா ஸ்காட் என்ற தர்க்கவியலாளரின் கைக்கு வந்தது, கோடல் 1978-ல் இறந்தார், குறிப்பு 1987-ல்தான் அச்சேறியது.

2013-ல் பென்ஸ்முல்லர், வோல்ட்சென்லோகெல் பாலியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினியிடம் கொடுத்தார்கள். ஸ்காட் எழுதிய வடிவத்தில் ஒவ்வொரு படியும் சரியாக நிற்கிறது, எடுகோள்களும் (நிரூபிக்காமல் தொடக்கத்தில் ஏற்றுக்கொள்ளும் கூற்றுகளும்) முரணற்றவை. ஆனால் கோடலின் சொந்தக் குறிப்பில் உள்ள எடுகோள்கள் தமக்குள் முரண்படுகின்றன என்று கணினியே கண்டுபிடித்துக் கொடுத்தது. இரண்டு வடிவத்துக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு பொருளின் சாரம் என்பதை வரையறுக்கும்போது, அந்தப் பண்பு அந்தப் பொருளுக்கு இருக்க வேண்டும் என்ற துண்டு கோடலின் குறிப்பில் இல்லை, ஸ்காட்டிடம் இருக்கிறது. அந்த ஒரு துண்டு விடுபட்டதால், கோடலின் எடுகோள்களிலிருந்து கடவுள் உண்டு என்பதும் வரும், இல்லை என்பதும் வரும், கடல் வற்றிவிட்டது என்பதும் வரும். சீர் செய்த வடிவத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை ஏற்றால் நடப்பது எல்லாமே நடந்தே தீர வேண்டியதாகிவிடுகிறது, வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்று மெய்யியலாளர் சோபெல் 1987-ல் காட்டினார். எந்தச் சமயத்தவர் இதை மனமுவந்து ஏற்பார்? கணினி சொன்னதெல்லாம், இந்த எடுகோள்களை ஏற்றால் இந்த முடிவு வரும் என்பதுதான். எடுகோள்களை ஏற்கலாமா என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

கடவுள் மறுப்பவர்களுக்கும் இதே கதைதான். தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுள் படைப்பாரா என்ற கேள்வியை வைத்து வாதத்தை முடித்துவிட்டதாக நினைப்பவர்கள், அக்குவினாசின் பதிலை ஒருமுறை கேட்க வேண்டும். இதைவிட ஆழமானது துன்பத்தைப் பற்றிய வாதம். எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் உலகில் உள்ள தீமையும் ஒன்றுக்கொன்று முரண் என்று நாத்திக மெய்யியலாளர் மேக்கி 1955-ல் எழுதினார். மனித சுதந்திரத்தை வைத்துக் கிறித்தவ மெய்யியலாளர் பிளான்டிங்கா 1974-ல் கொடுத்த பதிலுக்குப் பிறகு, நேரடி முரண் என்று நிறுவுவது கடினம் என்று நாத்திகர்களிலேயே பலர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1979-ல் வில்லியம் ரோ என்ற மெய்யியலாளர் அதை வேறு மாதிரிக் கேட்டார். காட்டுத்தீயில் சிக்கி, யாரும் பார்க்காமல், நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும் ஒரு மான்குட்டி. அந்த வேதனையால் யாருக்கு என்ன நன்மை? இதில் முரண் என்ற பேச்சே இல்லை. இருந்தும் என் நம்பிக்கையை அசைக்கும் கேள்வி எது என்றால் இதைத்தான் சொல்வேன், தர்க்கத்தின் அடித்தளத்தை அல்ல.

எந்தெந்த நம்பிக்கைகள் சேர்ந்து நிற்க முடியாது என்று தர்க்கம் சொல்லும். எது இருக்கிறது என்று அது தனியாகச் சொல்லாது. உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்று உதயணர் கடவுளை நிறுவினார். குயவன் வனைந்த பானையை வைத்து உலகத்துக்கு ஒரு குயவனை எப்படி அனுமானிக்கலாம் என்று பௌத்தரான இரத்தினகீர்த்தி மறுத்தார். இருவரும் ஒரே அனுமான முறையில் பழகியவர்கள். எந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்று இருவருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவர் கொள்கையைக் கேட்கும் காதையில் முதலில் பேசுகிறவன் அளவைவாதி. எதையெல்லாம் அறியும் வழியாக ஏற்கிறோம் என்பதை முதலில் பேசிவிட்டுத்தான் மற்றவை. மாற்றான் கொள்கையை அவன் சொல்வது போலவே எடுத்துச் சொல்லி, பிறகுதான் மறுப்பது என்ற பரபக்க முறையும் நம்மிடம் இருந்தது. இந்த ஒழுங்கை விட்டுவிட்டுத்தான் இன்றைய வாதங்கள் பாதி நேரம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருக்கின்றன.

அடுத்த முறை நண்பர் இந்த வாதத்தை எடுக்கும்போது மறுக்க அவசரப்படாதீர்கள். அவர் வாதத்தை அவரைவிடத் தெளிவாக நீங்களே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். 'ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் தலையாட்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீ கேட்பது தர்க்கத்தை நம்புவதற்கான நியாயமா, தர்க்க உண்மைகளின் இருப்புக்கான விளக்கமா? நியாயம் என்றால் ஆமையின் கதையைச் சொல்லுங்கள், குறிப்பேட்டை அவர் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். விளக்கம் என்றால் அவர் லைப்னிசின் பக்கத்தில் நிற்கிறார், அங்கே பேச நிறைய இருக்கிறது. ஒரு மாலையில் முடியாது.